அரிசி என்ன பாவம் செய்தது?

போன தை மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் எனக்குத் தூரத்துச் சொந்தம். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாதம் பரிமாறுகிறவர் வந்ததும் இரண்டு கையாலும் இலையை மறைத்துக்கொண்டார். "சோறு வேண்டாம்பா. கார்போஹைட்ரேட். நான் அரிசியை விட்டு ஆறு மாசம் ஆச்சு" என்றார். எனக்கும் சேர்த்துச் சொல்வது போல ஒரு பார்வை வேறு. நான் ஒரு கரண்டி சாதம் போட்டுக்கொண்டு சாம்பாரைப் பிசைந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அவர் இலையில் ஜாங்கிரி இரண்டு, பாதாம் அல்வா ஒரு கரண்டி, உருளைக்கிழங்குப் பொரியல் இரண்டு தடவை, வாழைக்காய் வறுவல், கடைசியில் ஒரு கிண்ணம் பாயசம். வெளியே வந்து ஐஸ்கிரீம். வெற்றிலை போடும்போது மறுபடியும் எனக்கு உபதேசம்: "அரிசிதான் சார் நமக்கு எமன்."

சிரித்துவிட்டு வந்திருப்பேன். ஆனால் இந்த உபதேசத்தைக் கேட்டு நம்பிய ஒருவரை நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்தவன். அதனால் சிரிப்பு வரவில்லை.

என் மனைவியின் தம்பி அவர். வயது 66. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. அருப்புக்கோட்டைப் பக்கம் கிராமம். பிள்ளைகள் வெளியூரில். உடம்பு கொஞ்சம் கூடிவிட்டது, இளைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது உண்மை. எப்படி என்று அவர் டாக்டரிடம் கேட்கவில்லை, செல்போனிடம் கேட்டார். ஒரு காணொளி, அதைத் தொடர்ந்து பத்துக் காணொளிகள், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு நீண்ட கட்டுரை. எல்லாம் சொன்னது ஒன்றே: அரிசி விஷம், கோதுமை விஷம், இட்லி விஷம், வாழைப்பழம்கூட விஷம். அடியோடு நிறுத்து.

நிறுத்திவிட்டார். முட்டை, பனீர், தேங்காய், கோழிக்கறி. மூன்று வாரத்தில் நாலரைக் கிலோ குறைந்தது. என்னைக் கூப்பிட்டு, "அத்தான், நீங்களும் ஆரம்பிங்க" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். நானும் பாராட்டினேன். ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அந்தக் குற்ற உணர்வுதான் இதை எழுத வைக்கிறது.

நாலாவது வாரம் ஒரு விடியற்காலை. பாத்ரூம் போக எழுந்தவர் தலை சுற்றி, உடம்பெல்லாம் வேர்த்து, கதவு நிலையில் விழுந்தார். தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிவு. ஆஸ்பத்திரியில் சர்க்கரை பார்த்தபோது 46. வழியில் ஆம்புலன்சில் வாயில் குளுக்கோஸ் கொடுத்த பிறகு எடுத்த அளவு அது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "சாப்பாட்டை இப்படி மாத்துனீங்களே, மாத்திரையைக் குறைச்சீங்களா?"

இல்லை. காலையும் இரவும் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்தார். அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் வகை மாத்திரை. சாப்பாட்டில் மாவுச்சத்து இருக்கிறது என்ற கணக்கில் எழுதிக் கொடுத்தது. மாவுச்சத்து இல்லாத வயிற்றில் அந்த மாத்திரை என்ன செய்யும்? இருக்கிற சர்க்கரையையும் வழித்து எடுத்துவிடும். அதுதான் நடந்தது. பத்துக் காணொளிகளில் ஒன்றுகூட மாத்திரையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அறுவை சிகிச்சை, இரண்டு மாதம் படுக்கை, இப்போது வாக்கர். இளைக்க நினைத்தவருக்கு இளைத்தது தொடைச் சதை.

இன்னொன்றும் டாக்டர் சொன்னார். இப்போது பலருக்கும் எழுதிக் கொடுக்கப்படும் இன்னொரு வகை மாத்திரை, சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுவது. அதைச் சாப்பிடுகிறவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். கீட்டோஅசிடோசிஸ் என்று பெயர். சர்க்கரை அளவு அவ்வளவு ஏறாமலே இது வரக்கூடும் என்பதால் கண்டுபிடிக்கவும் தாமதமாகுமாம். இதை வாசிப்பவர்களில் பாதிப் பேருக்காவது சர்க்கரை இருக்கும். ஆகவே இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாத்திரை சாப்பிடுகிறவர், ஊசி போடுகிறவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் யாரும் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பாட்டைத் தலைகீழாக மாற்றாதீர்கள்.

சரி, அரிசி வழக்குக்கு வருவோம்.

நான் முப்பத்தாறு வருஷம் நெல்லோடு புழங்கியவன். கொள்முதல் நிலையத்தில் கையை மூட்டைக்குள் விட்டு ஈரப்பதம் பார்த்தவன், அரவை ஆலைகளுக்கு ஏறி இறங்கியவன். 100 கிலோ நெல்லைக் கொடுத்தால் 67, 68 கிலோ அரிசி திரும்பி வர வேண்டும் என்று கணக்குப் பார்த்தே தலை நரைத்தவன். அதனால் அரிசிக்குப் பரிந்து பேசுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்சம் உண்மைதான். ஆனால் எனக்கும் 84 கிலோ உடம்பு இருந்தது. இப்போது 75. பதினாலு மாதம் ஆயிற்று. சோற்றை விடவில்லை. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் எதிர்த்தரப்புக்குரிய நியாயத்தைக் கொடுத்துவிடுகிறேன். நாம் மாவுச்சத்தை அளவுக்கு மீறித் தின்கிறோம் என்பது உண்மை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியோடு சென்னை ஆராய்ச்சியாளர்கள் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023ல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய், 13 கோடிப் பேருக்கு மேல் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றது. நாம் சாப்பிடும் மொத்த ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று அதே ஆய்வின் தொடர்ச்சி சொல்கிறது. அதில் பெரும் பங்கு தீட்டிய அரிசி, மாவு, சர்க்கரை. இதைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை.

மாவுச்சத்தை மிகவும் குறைத்துச் சிலருக்குச் சர்க்கரை நன்றாகக் கட்டுப்பட்டதும் உண்மை. டாக்டரின் மேற்பார்வையில், மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே நடத்தினால் அது ஒரு வைத்தியம். வைத்தியத்தை வைத்தியர் செய்யட்டும். செல்போன் செய்யக் கூடாது.

இந்த யோசனை புதிதும் அல்ல. லண்டனில் வில்லியம் பாண்டிங் என்ற சவப்பெட்டி செய்யும் வியாபாரி, ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் சர்க்கரையையும் விட்டு இளைத்த கதையை 1863ல் சின்னப் புத்தகமாகப் போட்டு, அது சக்கைப்போடு போட்டது. 1972ல் அமெரிக்காவில் அட்கின்ஸ் என்ற டாக்டர் அதையே பெரிய புத்தகமாக எழுதினார். இப்போது நம் வாட்ஸ்அப்பில் கீட்டோ, பேலியோ என்று வந்திருக்கிறது. நூற்று அறுபது வருஷமாக ஒரே சரக்குக்கு லேபிள் மட்டும் மாறுகிறது.

முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ இறங்குகிறதே என்பார்கள். இறங்கும். நம் கல்லீரலிலும் தசையிலும் அவசரத்துக்கென்று மாவுச்சத்து அரைக் கிலோ போலச் சேமிப்பில் இருக்கிறது. அது ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினால் சேமிப்பு கரையும், தண்ணீரும் போகும். எடை மிஷின் முள் இறங்கும். கொழுப்பு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். நாலு நாள் பழையபடி சாப்பிட்டால் தண்ணீர் திரும்பி வரும். இது இளைப்பது அல்ல, துணியைப் பிழிவது.

நீண்ட நாளில் என்ன ஆகிறது? அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பைக் குறைத்த சாப்பாடு, மறு பாதிக்கு மாவுச்சத்தைக் குறைத்த சாப்பாடு என்று ஒரு வருஷம் பார்த்தார்கள். முடிவு 2018ல் வந்தது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ இளைத்தார்கள், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை என்றார்கள். இரண்டு பாதிக்கும் பொதுவாகச் சொல்லப்பட்ட விஷயம்தான் முக்கியம்: சர்க்கரையையும் மைதாவையும் தள்ளு, காய்கறி நிறையச் சாப்பிடு, முடிந்தவரை வீட்டில் சமைத்துச் சாப்பிடு. இதைச் சொல்ல ஸ்டான்ஃபோர்டு வேண்டாம், நம் பாட்டி போதும். ஆனால் பாட்டி சொன்னால் யார் கேட்கிறார்கள்?

அரிசியை விட்டுவிட்டு வேறு ஒரு பெயரில் அதையே தின்பவர்களைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். சிறுதானியக் கூட்டம் அது.

என் மாமியாருக்குச் "சிறுதானியம்" என்ற சொல்லே தெரியாது. கம்பு தெரியும், கேப்பை தெரியும், குதிரைவாலி தெரியும், வரகு தெரியும். வானம் பார்த்த பூமியில் அதுதான் தினப்படிச் சாப்பாடு. நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும். கல்யாணமான புதிதில் தஞ்சாவூர்ப் பக்கம் வந்தபோது, "உங்க ஊர்ல தினமும் நெல்லுச்சோறா?" என்று என் மனைவி அதிசயித்தது இன்னும் நினைவில் இருக்கிறது. அன்று ஏழை வீட்டுக் கம்பு, இன்று கண்ணாடிப் பேழைக்குள் உட்கார்ந்துவிட்டது. ஐ.நா. சபையே 2023ஐச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. நல்லதுதான். விளைவிக்கிற மானாவாரி விவசாயிக்கு இரண்டு காசு கிடைத்தால் எனக்கும் சந்தோஷம்.

ஆனால் "சிறுதானியம் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், உடம்பு போடாது" என்று சொல்கிறார்களே, அது பச்சைப் பொய். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணையைப் பாருங்கள். 100 கிராம் தீட்டிய அரிசியில் சுமார் 356 கலோரி. கம்பில் சுமார் 347. கேழ்வரகில் சுமார் 320. பெரிய தூரம் இல்லை. எங்கே வித்தியாசம் என்றால் நார்ச்சத்தில். அரிசியில் மூன்று கிராமுக்கும் குறைவு, கம்பிலும் கேழ்வரகிலும் பதினொன்று. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் ஏராளம். நார் இருப்பதால் மெல்லச் செரிக்கும், கொஞ்சத்திலேயே வயிறு நிறையும். ஆக, கொஞ்சமாகச் சாப்பிட்டால்தான் லாபம். நிறையச் சாப்பிட்டால் அரிசிக்கும் அதற்கும் இளைப்பதில் வித்தியாசம் இல்லை.

அதுவும் எந்தக் கோலத்தில் சாப்பிடுகிறோம்? ஆலைக்காரனாக ஒன்று சொல்கிறேன். கடையில் பளபளவென்று வெள்ளையாகக் கிடைக்கும் சாமை, குதிரைவாலி, வரகு பெரும்பாலும் தீட்டியவை. உமி மட்டும் போகவில்லை, தவிடும் போயிருக்கிறது. ஏன் தீட்டுகிறார்கள்? தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. தவிடு ஒட்டியிருந்தால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வண்டு பிடிக்கும். மாதக் கணக்கில் அலமாரியில் வைத்து விற்க முடியாது. அரிசிக்கு என்ன அநியாயம் செய்தோமோ அதையே சிறுதானியத்துக்கும் செய்துவிட்டு, அரிசியை விட இரண்டு மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார்கள்.

அதற்கு மேல் தினை லட்டு, கம்பு பிஸ்கட், ராகி சேமியா, வரகு முறுக்கு. லட்டு லட்டுதான் ஐயா. தினையில் பிடித்தாலும் கடலை மாவில் பிடித்தாலும் நெய்யும் வெல்லமும் அதே நெய்யும் வெல்லமும்தான். "வெள்ளைச் சர்க்கரை இல்லை, நாட்டுச் சர்க்கரை" என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். உடம்புக்குள் போன பிறகு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

தானியத்தின் பெயரை விட அதன் உருவம் முக்கியம் என்பதுதான் நான் கற்றுக்கொண்டது. முழுத் தானியம், மெல்ல வேண்டும், குடலில் மெதுவாகக் கரையும். அதையே நைசாக மாவாக்கினால் வேகம் கூடும். மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் இன்னும் வேகம். கேழ்வரகு நல்லது என்று காலையில் நைசு மாவுக் கஞ்சியை ஒரு சொம்பு குடித்துவிட்டு, சர்க்கரை ஏறிவிட்டதே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓட்ஸுக்கும் இதே கதைதான். முழுசாக உடைத்தது வேறு, இரண்டு நிமிஷத்தில் வெந்து கூழாகும் பொட்டலம் வேறு. பழத்தைக் கடித்துத் தின்பது வேறு, பிழிந்து குடிப்பது வேறு. ஒவ்வொரு சாப்பாடும் ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று அளக்கும் முறையை 1981ல் டொரண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் என்பவர் கொண்டுவந்தார். கிளைசீமிக் இண்டெக்ஸ் என்று இப்போது எல்லோர் வாயிலும் அடிபடுகிறது. அது வேகத்தைச் சொல்லும், அளவைச் சொல்லாது. வேகம் குறைந்த சாப்பாட்டைக் குண்டான் நிறையச் சாப்பிட்டாலும் தொந்தி தொந்திதான்.

அரிசியிலும் ஜாதி உண்டு. புழுங்கல் அரிசியை நம் ஆட்கள் சும்மா கண்டுபிடிக்கவில்லை. நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி வைட்டமின் கொஞ்சம் அரிசிக்குள் இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் முழுக்கப் போகாது. வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசியே கதி என்று இருந்த இடங்களில் பெரிபெரி என்ற நோய் ஒரு காலத்தில் வாட்டியது. அதை ஆராய 1918ல் நம் குன்னூரில் சின்னதாக ஆரம்பித்த கூடம்தான், பின்னால் ஐதராபாத்துக்குப் போய், இப்போது தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. பொதுவாகப் புழுங்கல் சோறு, குழைந்த பச்சரிசிச் சோற்றை விடக் கொஞ்சம் நிதானமாகவே சர்க்கரையை ஏற்றும். கைக்குத்தல் கிடைத்தால் இன்னும் நல்லது. கிடைக்காவிட்டால் அழ வேண்டாம்.

இனி உண்மையான குற்றவாளி யார் என்று சொல்கிறேன். என் தட்டு.

மருமகள் வாங்கிக் கொடுத்த ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசு அடுக்களையில் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் என் மத்தியானச் சோற்றை அதில் வைத்தேன். சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று தவணை. மொத்தம் 530 கிராம். 100 கிராம் அரிசி வடித்தால் ஏறக்குறைய 300 கிராம் சோறு வரும். அப்படியானால் ஒரே வேளையில் 175 கிராம் அரிசி. காலை ஐந்து இட்லி, இரவு நாலு தோசை, மாலை ஒரு கை முறுக்கு எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்கு நானூறு கிராமுக்குக் குறையாத தானியம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படுகிறவருக்கே தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85 கிராம், காய்கறி 400 கிராம் என்று இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் 70 வயதுக்காரனுக்கு 2000 கலோரியே அதிகம். என் காய்கறியையும் நிறுத்துப் பார்த்தேன். சாம்பாரில் மிதந்த முருங்கைக்காயைச் சேர்த்தும் 110 கிராம். அரிசி என்னைக் குண்டாக்கவில்லை. அரிசியை நான் அப்படிச் சாப்பிட்டேன்.

ஏன் அப்படிச் சாப்பிட்டேன் என்று யோசித்தால் அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. நம் வயதுக்காரர்களுக்கு 1965 நினைவிருக்கும். ரேஷன் வரிசை, புழு நெளியும் அரிசி, அமெரிக்கக் கோதுமை. பிரதமர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விடச் சொன்னார். ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்கு அரிசி கொண்டுபோனால் பஸ்ஸில் ஏறிச் சோதிப்பார்கள். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி 1967 தேர்தலில் என்ன வேகம் கொடுத்தது என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். அந்தத் தலைமுறைக்குத் தட்டு நிறையச் சோறு என்றால் பயம் தீர்ந்தது என்று அர்த்தம். "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோ" என்பதுதான் நமக்குத் தெரிந்த அன்பு. மிச்சம் வைத்தால் பாவம். பசி போய்விட்டது, பசியின் ஞாபகம் போகவில்லை. வயலில் அன்று எரித்த ஆற்றல் இன்று எரிவதில்லை. தட்டு மட்டும் அன்றைய தட்டு.

அதனால்தான் "அரிசி விஷம்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. இந்த மாநிலத்தில் 2011லிருந்து ரேஷனில் அரிசி இலவசம். லட்சக் கணக்கான வீடுகளில் அதுதான் உலை. அந்த வீட்டு அம்மாவிடம் போய், அரிசியை விடு, பாதாம் மாவில் ரொட்டி சுடு, காலிஃபிளவரைத் துருவிச் சோறு மாதிரி வதக்கு என்று சொல்வது புத்திமதி இல்லை, கேலி. அவருக்கும் சர்க்கரை இருக்கிறது, அவருக்கும் முட்டி வலிக்கிறது. அதே ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. சோற்றில் ஒரு கரண்டி குறை, பருப்பில் ஒரு கரண்டி கூட்டு, ஒரு கட்டு கீரை சேர் என்று சொன்னால் அவரால் இன்றைக்கே செய்ய முடியும். யாராலும் செய்ய முடியாத உபதேசம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் என்ன பிரயோஜனம்?

நான் செய்தது இவ்வளவுதான்.

சோற்றை நிறுத்தவில்லை, பாதியாக்கினேன். மத்தியானம் ஒரு கிண்ணம், 200 கிராம். ஒரே நாளில் அல்ல, மாதம் கொஞ்சமாக. கரண்டியை என் கைக்கு மாற்றிக்கொண்டேன். மனைவி பரிமாறினால் கணக்கு தப்பும்.

இலையில் முதலில் காயையும் பயற்றையும் சாப்பிடுகிறேன், பிறகு சோறு. வரிசையை மாற்றினாலே சாப்பாட்டுக்குப் பிந்திய சர்க்கரை ஏற்றம் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. எனக்குத் தெரிந்த லாபம், சோறு வரும்போது பாதி வயிறு நிறைந்திருக்கும்.

தினமும் ஏதாவது ஒரு பயறு. தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, கொள்ளு. இதுவும் மாவுச்சத்துதான். ஆனால் நாரையும் புரதத்தையும் கையோடு கூட்டி வருகிற மாவுச்சத்து. வயதானவர்கள் இளைக்கும்போது கொழுப்போடு தசையும் கரையும். அதைத் தடுக்கப் புரதமும் வேண்டும், நடையும் வேண்டும்.

வாரத்தில் மூன்று இரவு கேழ்வரகு அடையோ கம்பு தோசையோ. இரண்டு, மூன்றாவது கிடையாது. சிறுதானியம் என்பதற்காகக் கூடுதல் சலுகை இல்லை.

காப்பியில் சர்க்கரையை நிறுத்தினேன். நாளைக்கு நாலு காப்பி, காப்பிக்கு இரண்டு ஸ்பூன். கணக்குப் போட்டால் 40 கிராம், 160 கலோரி. இதைத்தான் நான் முதலில் விட்டிருக்க வேண்டும். பிஸ்கட், ரஸ்க், பரோட்டா மூன்றும் வீட்டுக்குள் வருவதில்லை. இவற்றுக்காக யாரும் பரிந்து பேச வர மாட்டார்கள். நானும் வர மாட்டேன்.

எடை மிஷினை விட அளவு நாடாவை நம்புகிறேன். நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். நான் 104ல் ஆரம்பித்தேன். 95ல் நிற்கிறேன். இன்னும் போக வேண்டும்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மாதத்துக்கு ஒரு கிலோகூட இறங்கவில்லை. இதைக் காணொளியாகப் போட்டால் பத்துப் பேர் பார்க்க மாட்டார்கள். ஆனால் இந்தப் பதினாலு மாதத்தில் ஒரு கல்யாணப் பந்தியிலும் நான் இலையை மறைக்கவில்லை, ஒரு நாளும் தலை சுற்றி விழவில்லை.

போன வாரம் மச்சினரைப் பார்க்கப் போயிருந்தோம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தார். மத்தியானம் அவர் தட்டில் ஒரு கிண்ணம் சோறு, பாசிப்பருப்புப் போட்ட அரைக்கீரை, புடலங்காய்ப் பொரியல், மோர். மாத்திரையை டாக்டர் மாற்றிக் கொடுத்திருக்கிறார். சாப்பிட்டு முடித்ததும் செல்போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "அத்தான், இதைப் பாருங்க, இன்னொருத்தன் அனுப்பியிருக்கான்." சோறு விஷம் என்று புதிதாக ஒரு கட்டுரை. அடியில் பாராட்டுகள், கும்பிடும் கைகள்.

அவர் பதிலுக்கு ஒரே வரி எழுதியிருந்தார்: "மாத்திரையை என்ன செய்யணும்னு போடலையே?"

பதில் இன்னும் வரவில்லையாம்.

உங்களுக்கும் அப்படி ஒரு கட்டுரை வந்தால், அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன் அனுப்பியவரிடம் இந்தக் கேள்வியை மட்டும் கேளுங்கள். நான் கேட்கத் தவறியது அதுதான்.